புல்லிங் இல்லையா? குறைக்கச் சொன்னது யார் என்று முதலில் பாருங்கள்

கொழும்பில் எந்தக் கராஜ் வாசலில் நின்றாலும் காதில் விழும் முறைப்பாடு "புல்லிங் இல்லை", அதாவது வண்டி இழுக்கவில்லை என்பதுதான். உடனே பாகங்களின் பட்டியல் தொடங்கிவிடும். பிளக் மாற்றுவோம், சரிவராவிட்டால் கொயில், அப்புறம் பெற்றோல் பம்ப், கடைசியாகப் பழைய பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய், எஞ்சினுக்குள் காற்றை விடும் தட்டுள்ள த்ரொட்டில் பொடி ஒன்று. எக்ஸிலேட்டர் கேபிள் இருந்த காலத்தில் இந்த வரிசையில் ஒரு நியாயம் இருந்தது. கால் இழுத்த அளவுக்குத் த்ரொட்டில் திறந்தது. அப்படியும் எஞ்சின் இழுக்கவில்லை என்றால் எஞ்சினில்தான் கோளாறு. இன்று வீதியில் ஓடும் பெற்றோல் கார்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் கேபிளே இல்லை. பெடலை மிதிப்பது ஒரு விண்ணப்பம் கொடுப்பது போலத்தான். "இவ்வளவு டோர்க் (முறுக்கு விசை) வேண்டும்" என்று கேட்கிறீர்கள். கொடுப்பதா, குறைத்துக் கொடுப்பதா, மறுப்பதா என்பதை ஈசியூ என்று நாம் சொல்லும் எஞ்சின் கணினி தீர்மானிக்கிறது.

அதே நேரத்தில் அதனிடம் வேறு பலரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கியர்பெட்டியின் கணினி "கியர் மாற்றப்போகிறேன், ஒரு கணம் குறை" என்று சொல்லும். பிறேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் பெட்டி "முன் சில்லு வழுக்குகிறது, உடனே குறை" என்று சொல்லும். ஏசி கம்ப்ரஸர் ஏறப்போகிறது என்றால் கொஞ்சம் கூட்ட வேண்டும். எஞ்சின் சூடு ஏறினால் பாதுகாப்புக்காகக் குறைக்க வேண்டும். ஆகவே இழுக்காத வாகனம் பல நேரங்களில் சொன்னதைச் செய்துகொண்டிருக்கும் வாகனம். சொன்னது யார் என்று தெரியாமல் பாகம் வாங்கினால் காசுதான் போகும்.

கணக்கு எப்படி நடக்கிறது

1990களின் பிற்பாதியில் பொஷ்ஷின் எம்இ7 மொட்ரோனிக் போன்ற கணினிகளோடு பரவிய முறை இது. எல்லாக் கோரிக்கையும் முதலில் டோர்க்கின் அலகான நியூட்டன் மீற்றர் கணக்குக்கு மாற்றப்படும். அவற்றுள் எது வெல்லும் என்று முடிவான பிறகு, அந்த டோர்க்கைக் கொடுக்க எவ்வளவு காற்று, எந்த நேரத்தில் தீப்பொறி, எவ்வளவு எரிபொருள் என்று கணினி பின்னோக்கிக் கணக்குப் போடும்.

டோர்க்கைக் கூட்டிக் குறைக்க அதனிடம் இரண்டு வழிகள் உண்டு. த்ரொட்டிலைத் திறந்து மூடுவது மெதுவான வழி. சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மனிபோல்ட் நிரம்பவும் வடியவும் நேரம் எடுக்கும். தீப்பொறியைப் பிந்தவிடுவது வேகமான வழி. நாலு சிலிண்டர் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடும்போது 10 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை எரிகிறது, அடுத்த எரிதலிலேயே டோர்க்கைக் குறைத்துவிடலாம். இன்னும் அவசரம் என்றால் சில சிலிண்டர்களுக்கு எரிபொருளையே வெட்டலாம்.

இதில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. நம் கார் எஞ்சினில் டோர்க்கை அளக்கும் சென்சர் கிடையாது. உள்ளே வரும் காற்று, சுற்றெண், தீப்பொறி நேரம், கலவை ஆகியவற்றை வைத்து ஈசியூ தன் அட்டவணைகளிலிருந்து ஊகித்துக்கொள்கிறது. காற்றுக் கணக்கு பிழைத்தால் அதன்மேல் கட்டிய எல்லாமே பிழைக்கும். கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு இதுதான் வேர்.

ஸ்கேனரைச் செருகியதும்

ஸ்கேனர் என்பது வாகனத்தின் கணினிகளை வாசிக்கும் கருவி. அது காட்டும் கோளாறு இலக்கத்தை, அதாவது "கோட்" என்பதை, உடனே அழிக்காதீர்கள். கோட் பதிவான கணத்தின் வேகம், சுற்றெண், கூலன்ட் சூடு, லோட் எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பகுதியில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். "ஸ்கேன் பண்ணி அழிச்சாச்சு, இப்ப லைட் இல்லை" என்று சொல்லி அனுப்புகிற இடத்துக்குத் திரும்பப் போகாமல் இருப்பது நல்லது.

பிறகு நேரடி அளவுகளில் நான்கைத் திரையில் வையுங்கள்: பெடல் நிலை, ஈசியூ கோரும் த்ரொட்டில், உண்மையான த்ரொட்டில், தீப்பொறி நேரம். ஓட்டுநர் கேட்கும் டோர்க், கிடைக்கும் டோர்க் என்ற இரண்டு வீத அளவுகளையும் வாகனம் தந்தால் இன்னும் சுகம். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் எல்லாம் அவற்றைத் தராது. ஃபோனோடு இணைக்கும் சின்னப் புளூடூத் டொங்கிள் போதும். ஆனால் அது ஏபிஎஸ், கியர்பெட்டி ஆகியவற்றின் கோட்டைப் பெரும்பாலும் வாசிக்காது. எஞ்சினில் கோட் இல்லை என்பதால் வாகனத்திலேயே கோட் இல்லை என்று எண்ணிவிடக்கூடாது.

ஒருவர் ஓட்ட, மற்றவர் பார்க்க வேண்டும். பெடல் அளவே ஏறவில்லை என்றால் கோளாறு காலுக்கும் பெடலுக்கும் நடுவில். பெடல் ஏறியும் கோரும் த்ரொட்டில் ஏறவில்லை என்றால் ஈசியூ மறுக்கிறது. யாரோ குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கோருவது ஏறி உண்மையானது ஏறவில்லை என்றால் த்ரொட்டில் பொடி அல்லது அதன் வயர். மூன்றும் ஏறியும், தீப்பொறியும் பிந்தாமல், வண்டி நகரவில்லை என்றால்தான் எஞ்சின் உண்மையிலேயே பலவீனம். பெற்றோல் அழுத்தம், கொயில், அடைபட்ட கட்டலிட்டிக் கொன்வேர்ட்டர் என்ற பழைய பட்டியலுக்கு அப்போதுதான் வேலை. சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஓட்டோ) வாகனத்தில் கியர்பெட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"லைட் எரிந்தது, அதோடு சக்தி போய்விட்டது"

பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் போகும். இது லிம்ப் மோட், அதாவது கோளாறைக் கண்ட ஈசியூ சக்தியைக் கட்டிவைக்கும் நிலை. பெடலுக்குள் இரண்டு சென்சர், த்ரொட்டிலில் இரண்டு சென்சர். ஒன்று சொல்வதை மற்றது உறுதிப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஈசியூ இரண்டையும் நம்பாது. பி2138 என்றால் பெடலின் இரண்டு சென்சரும் ஒத்துப்போகவில்லை. பி2135 என்றால் த்ரொட்டிலின் இரண்டும். பி2111, பி2112, பி2119 வந்தால் த்ரொட்டில் தட்டு சொன்ன இடத்துக்குப் போகவில்லை.

பி2138க்குப் பெடலை வாங்க ஓடாதீர்கள். கீயை ஓன் பண்ணி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், இரண்டு வோல்ட் அளவையும் பாருங்கள். பல டொயோட்டா கார்களில் காலை எடுத்த நிலையில் ஒன்று 0.8 வோல்ட்டை ஒட்டியும் மற்றது 1.6ஐ ஒட்டியும் இருக்கும், மிதிக்க மிதிக்க இரண்டும் கிட்டத்தட்ட அதே இடைவெளியோடு ஏறும். வேறு பல தயாரிப்புகளில் ஒன்று மற்றதன் சரி பாதி. மிக மெதுவாக மிதியுங்கள். நடுவில் ஓரிடத்தில் ஒன்று மட்டும் துள்ளினால் சென்சர் தேய்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாகத் துள்ளினால் 5 வோல்ட் விநியோகம், எர்த், கொனெக்டர் ஆகிய மூன்றில் ஒன்று.

கொழும்பில் கொனெக்டர்தான் முதல் சந்தேக நபர். கடலோரம், அதாவது மரைன் டிரைவ் பக்கம் அல்லது வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் லேன்களில், வருடக்கணக்கில் நிறுத்திய கார்களில் எர்த் வயரின் முனை பச்சை பூத்திருக்கும். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் 2016 மே மாத வெள்ளத்தைப் பார்த்த வாகனங்களில் சில இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. கார்ப்பெட்டின் கீழே சேற்றுக் கோடு இருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். எலி கடித்த வயரைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, போனட்டைத் திறந்தாலே புழுக்கை சாட்சி சொல்லும்.

எர்த்தைச் சோதிக்க மல்டிமீற்றர் போதும். பற்றரியின் நெகட்டிவ் முனையில் ஒரு கம்பி, எஞ்சினின் வெறும் உலோகத்தில் மற்றது. ஸ்டார்ட் பண்ணும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஸ்ட்ரப்பைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். கிட்டத்தட்டச் செலவில்லாத வேலை.

த்ரொட்டில் மோட்டருக்கு மின் போகாமல் நின்றால் ஸ்பிரிங் தட்டைச் சில பாகை திறந்த நிலையில் பிடித்துவைக்கும். டொயோட்டாவில் அது 6, 7 பாகை. வண்டியை ஓரம்கட்ட அது போதும். ஈசியூ எரிபொருளை விட்டுவிட்டு வெட்டுவதால் எஞ்சின் குலுங்கும். இது வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே கொடுத்த குலுக்கல், அதற்காக எஞ்சின் மவுண்டிங்கை மாற்றவேண்டாம்.

"ஏசி போட்டால் துடிக்கிறது, சிக்னலில் நின்றால் ஓஃப் ஆகிறது"

கொழும்பின் தனிச்சிறப்பான கோளாறு என்றே இதைச் சொல்லலாம். வருடம் முழுக்க ஏசி. காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை நின்று நின்று ஊரும் வாகனம். பாதி நேரம் எஞ்சின் ஐடிலில்தான், அதாவது பெடலை மிதிக்காத நிலையில்தான், ஓடுகிறது.

ஐடிலில் ஈசியூ தீப்பொறியை வேண்டுமென்றே கொஞ்சம் பிந்தவிட்டு, அதற்கு ஈடாகக் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக விட்டிருக்கும். இது கையிருப்பு. திடீரென்று சுமை ஏறினால் தீப்பொறியை முன்தள்ளி அந்தக் கணமே டோர்க்கை எடுத்துக்கொள்ளும். காற்று வந்து சேரும்வரை இந்தக் கையிருப்புத்தான் எஞ்சினைத் தாங்குகிறது. ஐடிலில் தீப்பொறி நேரம் சில பாகை மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போது ஏசியைப் போட்டுப் பாருங்கள். நல்ல வாகனத்தில் கம்ப்ரஸர் ஏறுவதற்கு ஒரு கணம் முன்னரே கோரும் த்ரொட்டில் சற்று உயரும். சுற்றெண் லேசாக அசைந்து நிலைக்கும். அது 500க்குக் கீழே விழுந்து தடுமாறினால் இரண்டு கேள்விகள். ஈசியூ முன்கூட்டியே கூட்டியதா? கூட்டியும் போதவில்லையா?

கூட்டவே இல்லை என்றால் ஏசியின் சிக்னல் அதற்குப் போகவில்லை. பெரும்பாலும் யாரோ ஏசி வயரிங்கில் கைவைத்து, கம்ப்ரஸர் கிளட்சுக்கு வெளி ரிலே ஒன்றின் மூலம் நேரடியாக மின் கொடுத்திருப்பார்கள். குளிர் வரும், ஆனால் ஈசியூவுக்குக் கம்ப்ரஸர் ஏறுவது தெரியாது. பழைய வயரிங்கை அப்படியே மீட்டுக் கொடுப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை. ஸ்குரூவைத் திருகி ஐடிலை உயர்த்தலாம் என்று யாராவது சொன்னால், இந்த எஞ்சினில் அப்படி ஒரு ஸ்குரூவே இல்லை.

கூட்டியும் போதவில்லை என்றால் பெரும்பாலும் கரி. த்ரொட்டில் தட்டின் விளிம்பில் கரி படிந்தால் அதே கோணத்தில் குறைந்த காற்றுத்தான் போகும். ஈசியூ இதைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டு தட்டைக் கூடுதலாகத் திறந்து சமாளித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் பற்றரியைக் கழற்றினால் கற்றதெல்லாம் போய்விடும், அன்றுதான் முறைப்பாடு தொடங்கும். "பற்றரி மாற்றிய நாளிலிருந்து இப்படி" என்பவர்களுக்குப் பற்றரிக் கடைக்காரர் மீது கோபம். அவர் பாவம்.

துப்புரவாக்கும்போது கீ ஓனில் இருக்க, விரலால் தட்டைத் தள்ளாதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் கியர் இருக்கிறது. துடைத்த பிறகு எதிர்மாறான பிரச்சினை வரும். பழைய கரியைக் கணக்கில் வைத்துத் திறந்திருந்த தட்டு இப்போது அதிகக் காற்றை விடும், ஐடில் 1,200, 1,500 என்று ஏறி நிற்கும், ஐடில் கூடிவிட்டது என்னும் பி0507 கூட வரலாம். மீண்டும் கற்பிக்க வேண்டும். ஹொண்டாவில் எல்லா மின்சுமையையும் அணைத்து, கியர் போடாமல் 3,000 சுற்றில் பிடித்து, ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கியதும் காலை எடுத்து ஐந்து நிமிடமளவில் ஐடிலில் விட வேண்டும். நிசானில் ஐடில் காற்று அளவைக் கற்பிக்கும் தனி முறை உண்டு, அதை ஸ்கேனரால் செய்வதே மேல். டொயோட்டா பெரும்பாலும் தானாகவே சிறிது நேரத்தில் பிடித்துக்கொள்ளும்.

தட்டும் சுத்தம், சிக்னலும் சரி, ஆனால் நெரிசலில் மட்டும் துடிக்கிறது. ஓடும்போது நன்றாக இருக்கிறது. அப்படியானால் எஞ்சினை விட்டுவிட்டு ஏசி கொண்டென்ஸரின் முன்னால் போய் நில்லுங்கள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா? வண்டி நிற்கும்போது காற்றுத் தள்ள அது ஒன்றுதான். அது மந்தமானால் ஏசி வாயுவின் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸரைச் சுற்ற அதிக டோர்க் வேண்டும். "கூலிங் காணாது" என்று அளவுக்கு மேல் காஸ் அடித்தாலும் இதே கதைதான். டர்போ இல்லாத 660 சிசி எஞ்சினின் உச்ச டோர்க்கே 60 சொச்சம் நியூட்டன் மீற்றர், அதுவும் ஐடிலில் கிடைப்பதில்லை. ஏசியின் கோளாறு அங்கே எஞ்சின் கோளாறாக வேஷம் போடும்.

சின்ன எஞ்சின் கார்களில் பெடலை முழுதாக மிதித்தால் சில செக்கன்களுக்கு ஏசி தானாக நிற்பதும் ஈசியூவின் முடிவுதான். முந்திச் செல்லும்போது குளிர் குறைந்தால் அது பழுதில்லை.

"கியர் மாறும்போது அடிக்கிறது"

ஓட்டோ கியர் பெட்டி உயர் கியருக்கு மாறும்போது ஒரு கிளட்ச் விட, இன்னொன்று பிடிக்கும். அந்த நேரத்தில் டோர்க்கைக் குறைக்கும்படி அது ஈசியூவைக் கேட்கும். ஈசியூ தீப்பொறியைப் பிந்தவிட்டுக் கொடுக்கும். நல்ல ஸ்கேனரில் கியர் மாறும் கணத்தில் தீப்பொறி நேரம் சட்டென்று விழுந்து எழுவதைப் பார்க்கலாம். விழவே இல்லை, வண்டியும் அடிக்கிறது என்றால் இரண்டு கணினிகளுக்கும் நடுவிலான தொடர்பைப் பாருங்கள். கியர்பெட்டியில் யூ0100 என்ற கோட் கிடந்தால், எஞ்சின் கணினியோடு பேச்சு அறுந்தது என்று அது சொல்கிறது.

விழுகிறது, இருந்தும் அடிக்கிறது அல்லது கியர் பிடிக்காமல் எஞ்சின் மட்டும் இரைந்து ஏறுகிறது என்றால் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். சிரிக்காதீர்கள். கியர்பெட்டி தன் கிளட்சை எவ்வளவு அழுத்தத்தில் பிடிக்க வேண்டும் என்பதை ஈசியூ சொல்லும் டோர்க் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறது. காற்றை அளக்கும் மாஸ் எயார் ஃப்ளோ சென்சரில் தூசியும் எண்ணெயும் படிந்து அது குறைத்துக் காட்டினால், ஈசியூ தன்னிடம் 80 நியூட்டன் மீற்றர்தான் இருக்கிறது என்று சொல்லும். உண்மையில் 100 இருக்கும். கியர்பெட்டி 80க்குரிய அழுத்தத்தில் பிடிக்கும், கிளட்ச் நழுவும், எஞ்சின் இரையும். எண்ணெய் பூசிய "பவர்" வடிகட்டி போட்ட வாகனங்களில் இதைக் கட்டாயம் சந்தேகிக்க வேண்டும்.

சாட்சி எரிபொருள் திருத்த அளவில், அதாவது கணக்கிட்ட பெற்றோலை ஈசியூ எத்தனை வீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதில், இருக்கிறது. நீண்டகாலத் திருத்தம் கூட்டல் 10 வீதத்துக்கு மேல் நிற்கிறதா? கலவையில் பெற்றோல் போதவில்லை என்னும் பி0171 வந்ததா? ஐடிலில் மட்டும் கூடி, ஓடும்போது இயல்பாகிவிட்டால் வாக்கியூம் ஹோஸ் ஒன்று வெடித்திருக்கலாம். வேகம் ஏற ஏறக் கூடினால் சென்சர் அழுக்கு அல்லது பெற்றோல் அழுத்தம் போதாமை. சென்சரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள், துணியால் தொடவேண்டாம். இதைச் சரிசெய்யாமல் கியர்பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது மிகப் பெரிய வீண்செலவு. கியர் எண்ணெயின் நிலையை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், அது எப்படியும் செய்யவேண்டியது.

"மழையில் சந்தியில் திரும்பும்போது எடுக்கவே இல்லை"

பெரும்பாலும் ட்ரக்ஷன் கொன்ட்ரோல். டாஷ்போர்டில் வழுக்கும் கார் படம் மின்னினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஈரமான தார் வீதியில், வெள்ளைக் கோட்டின் மேலே, அது மின்னுவது இயல்பு. வறண்ட வீதியிலும் மின்னினால் முதலில் ரயர் அளவுகளை வாசியுங்கள். நான்கும் ஒன்றா? முன்னால் 165/65 ஆர்14, பின்னால் 175/65 ஆர்14 என்று கலந்து போட்டிருந்தால் விட்டத்தில் வித்தியாசம் ஏறத்தாழ 2.3 வீதம். சின்ன ரயர் வேகமாகச் சுழலும். முன்சில்லு இழுக்கும் காரில் அது வழுக்குவது போலவே ஏபிஎஸ் பெட்டிக்குத் தெரியும். சில வாகனங்கள் இதைக் கற்றுச் சமாளிக்கும், சில டோர்க்கை வெட்டிக்கொண்டே இருக்கும்.

ரயர் சரி என்றால் நான்கு சில்லின் வேகத்தையும் ஸ்கேனரில் அருகருகே வைத்து, நேரான வீதியில் 40இல் ஓட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் இடையிடையே பூச்சியத்துக்கு விழுந்தால் அந்தச் சென்சர் அல்லது பேரிங். எலைன்மென்ட் செய்த பிறகு தொடங்கிய முறைப்பாடு என்றால் ஸ்டியரிங் கோணச் சென்சரின் பூச்சிய நிலையைச் சரிசெய்யவில்லை.

"பிறேக்கை மிதிக்கவே இல்லை, ஆனாலும்"

பேலியகொடையில் ஏறிக் கட்டுநாயக்கா அதிவேக வீதியில் குரூஸ் போட்டால் உடனே விழுகிறது. அல்லது மிதிக்கும்போது சக்தி விட்டுவிட்டு வருகிறது. இரவில் காரை நிறுத்திவிட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள், பிறேக் லைட் அணைந்திருக்கிறதா?

பெடல் இரண்டையும் ஒன்றாக மிதித்தால் பிறேக்குக்கே முதலிடம் கொடுத்து டோர்க்கைக் குறைக்கும் ஏற்பாடு இன்று பரவலாக உண்டு. டொயோட்டாவின் 2009-2010 பெரிய மீளழைப்புக்குப் பிறகு அது வேகமாகப் பரவியது. பிறேக் சுவிட்சை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பிளாஸ்டிக் அல்லது றபர் வில்லை ஒன்று பெடல் கையில் இருக்கும். பழைய கார்களில் அது பொடிந்து விழும். காலடியில் கேக் துண்டு போலக் கிடக்கும் நொறுக்கு அதுதான். பொடிந்தால் பிறேக் மிதித்திருப்பதாகவே ஈசியூ நம்பும், சில வாகனங்களில் பி0504 வரும். வில்லையின் விலை அற்பம். இது தெரியாமல் பெடல் சென்சரையும் த்ரொட்டிலையும் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அந்த மீளழைப்பின் காரணங்களில் ஒன்று தரை விரிப்பு. தடித்த றபர் மட் ஒன்றின் மேல் இன்னொன்று போட்டால் பெடல் சிக்கலாம், முழுதாக இறங்காமலும் போகலாம். பெடல் அளவு 100 வீதத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை என்றால் விரிப்பை எடுத்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள்.

"கடுகண்ணாவை ஏற்றத்தில் இழுக்கவில்லை"

நகரத்துக்குள் தெரியாது, கண்டி வீதியில்தான் தெரியும். பெடல் 100, த்ரொட்டிலும் முழுதாகத் திறந்திருக்கிறது, தீப்பொறி மட்டும் வழக்கத்தை விடப் பல பாகை பிந்தியிருக்கிறது என்றால் எஞ்சின் நொக் ஆகிறது (கலவை நேரம் தவறித் தானாக வெடிக்கிறது) அல்லது உள்ளே வரும் காற்று மிகச் சூடு. ஒக்டேன் பற்றி ஷெட்டில் சண்டை பிடிக்குமுன் எரிபொருள் மூடியையும் கையேட்டையும் வாசியுங்கள். ஜப்பானின் சாதாரணப் பெற்றோல் 89 ஒக்டேனிலிருந்து தொடங்குகிறது. சாதாரணப் பெற்றோலுக்கென்று கட்டிய காருக்கு நம் 92 தாராளம், 95 போட்டால் பெரிதாக எதுவும் கிடைக்காது. 95 என்று மூடியிலேயே எழுதிய ஐரோப்பிய டர்போ காருக்கு 92 போட்டால் ஈசியூ தீப்பொறியைப் பிந்தவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். நீங்கள் புல்லிங்கில் விலை கொடுப்பீர்கள்.

டர்போ காரில் பி0299 வந்தால் கேட்ட அழுத்தம் கிடைக்கவில்லை. டர்போவுக்கு விலை கேட்குமுன் இன்டர்கூலர் ஹோஸின் கிளிப்பை இறுக்குங்கள். கூலன்ட் சூடு ஏறிக் குறைக்கிறது என்றால் அது வேறு விவகாரம், ஓட்டாமல் நிறுத்துங்கள்.

"லைட்டும் இல்லை, கோட்டும் இல்லை, மந்தம் மட்டும்"

ஈகோ பட்டன் அழுத்தியிருக்கிறதா? அதே மிதிப்புக்குக் குறைந்த டோர்க்கைக் கேட்கும்படி பெடல் வரைபடத்தை அது மாற்றுகிறது. இணையத்தில் விற்கும் "பெடல் பூஸ்டர்" இதையே எதிர்த்திசையில் செய்கிறது. கால்வாசி மிதித்ததைப் பாதி மிதித்ததாகச் சொல்லும், உச்சத்தில் ஒரு நியூட்டன் மீற்றர்கூடக் கூட்டாது. காசைப் பற்றரி மாற்ற வைத்துக்கொள்ளலாம்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் பெடலின் கோரிக்கை முதலில் ஹைபிரிட் கணினிக்குப் போகிறது; எஞ்சினுக்கு எவ்வளவு, மோட்டருக்கு எவ்வளவு என்று அது பிரிக்கும். பின்சீற்றருகே பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் தூசியால் அடைபட்டால் பற்றரி சூடேறி, மோட்டரின் பங்கு குறையும், வண்டி மந்தமாகும். அந்த இடத்தில் சாமான் பையை வைப்பதை விட்டாலே சிலருக்குச் சரியாகிவிடும்.

"ஈசியூ போய்விட்டது என்கிறார்கள்"

ஈசியூவுக்குள் ஒரு காவல் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் நிலை டோர்க்கைக் கொடுக்கும். இரண்டாம் நிலை தனியாகக் கணக்குப் போட்டு, ஓட்டுநர் கேட்டதைவிட அதிகமாகப் போகிறதா என்று பார்க்கும். மூன்றாம் நிலை கணினியின் மூளையே ஒழுங்காக யோசிக்கிறதா என்று தனிச் சிப் ஒன்றின் மூலம் கேள்வி கேட்கும். ஜேர்மன் தயாரிப்பாளர்கள் கூட்டாக வகுத்த இந்த முறையின் சாயல் இன்று பல வாகனங்களில் உண்டு. பி061பி போன்ற கோட் இரண்டாம் நிலையின் டோர்க் கணக்கு பொருந்தவில்லை என்கிறது, பி0606 கணினியின் உள் கோளாறு என்கிறது.

பி0606 வந்தாலும் உடனே நம்பவேண்டாம். பற்றரி தளர்ந்து ஸ்டார்ட் பண்ணும்போது வோல்ட் சரிந்தால் இந்தக் கோட் பொய்யாக வருவதுண்டு. பி061பிக்கோ மேலே சொன்ன காற்றுக் கசிவும் அழுக்குச் சென்சரும் காரணமாகலாம். பற்றரி, எர்த், காற்றுக் கணக்கு மூன்றையும் சரிசெய்து, கோட்டை அழித்து, கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள். அதே கோட் திரும்பி வந்தால்தான் பெட்டியைத் திறக்கும் பேச்சு.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் பழைய பாகத்தில்தான் வண்டி ஓட்டினார்கள், அதனால் பஞ்சிகாவத்தையில் கழற்றிய ஈசியூ வாங்குவது பலருக்குப் பழகிப்போயிற்று. வாங்கத்தான் வேண்டுமென்றால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பாக இலக்கம் கடைசி எழுத்து வரை ஒன்றா என்று பாருங்கள். ஒரே மொடல் என்றாலும் சிவிடிக்கும் மனுவலுக்கும் டோர்க் அட்டவணை வேறு. தன் கீயை அடையாளம் கண்டால்தான் ஸ்டார்ட் ஆகவிடும் இம்மொபிலைஸர் உள்ள காரில் பழைய பெட்டியின் தரவை மாற்றி எழுதாமல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. அதைச் செய்து தருபவர் யார், செய்து சரிவராவிட்டால் பெட்டியைத் திரும்ப எடுப்பாரா என்பதைக் காசு கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள். கழற்றிய பழைய பெட்டியை யாரிடமும் விட்டுவிட்டு வரவேண்டாம், தரவை வாசிக்க அதுவும் வேண்டியிருக்கும்.